நீலச் சுடருக்குள் நைட்ரிக் ஆக்ஸைடு



சில வாரங்களுக்கு முன், ஈசூன் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நண்பர் ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கல் இருக்கையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். செம்பாவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஈசூன் புதுநகரம் எழும்பிய 1980-களில் இங்கு வந்து குடியேறியவர். நான் வேதியியல் படித்தவன் என்பது பேச்சுவாக்கில் தெரிந்ததும், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"தம்பி, சின்னப் பிள்ளையிலே நாங்க விறகு அடுப்பை ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கிட்டோம். அப்புறம் மண்ணெண்ணெய் அடுப்பு. சட்டியெல்லாம் கரி. இப்போ குழாயைத் திருகினா நீல நெருப்பு. கரியும் இல்லை, புகையும் இல்லை. ஆனா பேரனுக்கு இழுப்பு வந்தப்போ டாக்டர் என்ன சொல்றாரு தெரியுமா? சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கங்கிறாரு. புகையே இல்லாத நெருப்புக்கு ஜன்னல் எதுக்குத் தம்பி?"

நல்ல கேள்வி. படித்தவர்களிடமும் இதற்கு உடனே பதில் கிடைப்பது அரிது. புகை கண்ணுக்குத் தெரியும். தெரிவதால் நாம் எச்சரிக்கையாக இருக்கிறோம். நீலச் சுடரிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு. அது எப்படிப் பிறக்கிறது, அதை எப்படிக் குறைக்கிறார்கள் என்பதையே இன்று பார்க்கப் போகிறோம். அடுக்களையில் தொடங்கி, ஈசூனுக்கு வடமேற்கே ஜோகூர் நீரிணையின் கரையில் நிற்கும் செனோக்கோ மின்நிலையம் வரையில் இந்தக் கதை போகிறது.

முதலில் ஒரு கணக்கு. இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். ஒரு படி மீத்தேன் முழுதாக எரிய இரண்டு படி பிராணவாயு வேண்டும். ஆனால் பிராணவாயு நமக்குத் தனியாகக் கிடைப்பதில்லை. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. ஏறத்தாழ மீதி முழுவதும் நைட்ரஜன். ஆகவே ஒரு படி மீத்தேனை எரிக்க ஒன்பதரைப் படி காற்று தேவை. அதில் ஏழரைப் படி நைட்ரஜன். அடுப்பு எரிக்கத்தானே நாம் எரிவாயுவுக்குக் காசு கொடுக்கிறோம்? ஆனால் அந்த நெருப்பில் நுழைந்து சூடாகி வெளியே போகும் பொருள்களில் பெரும்பகுதி, அழைக்காமலே வந்த இந்த நைட்ரஜன்தான்.

அழைக்காமல் வந்தவர் சும்மா இருந்துவிட்டுப் போனால் தொல்லையில்லை. பெரும்பாலும் அப்படித்தான் போகிறார். நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருக்கின்றன. வேதியியலில் நாம் அறிந்த மிக வலுவான பிணைப்புகளில் இது ஒன்று. நாம் மூச்சில் இழுக்கும் நைட்ரஜன் ஒரு மாறுதலும் இல்லாமல் திரும்பி வருவது இதனால்தான். வயலில் நெற்பயிரைச் சுற்றிலும் நைட்ரஜன் கடலாக இருந்தும் பயிருக்கு நாம் தனியாக உரம் போட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஆனால் போதிய சூடு கொடுத்தால் அந்தக் கட்டும் அவிழும். இடி மின்னலின்போது வானத்தில் இது நடக்கிறது. 1905-ல் நார்வே நாட்டில் நோட்டோடன் என்ற ஊரில், பிர்க்கெலாண்ட், எய்டே என்ற இருவர் கண்டுபிடித்த முறையில் மின்வில்லின் நடுவே காற்றை ஊதி, நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்கி, அதிலிருந்து உரம் செய்தார்கள். அவர்களுக்கு அது வரம். நமக்கு அடுக்களையில் அதுவே வேண்டாத விருந்தாளி. இந்த வாயு அதற்கும் முன்பே விஞ்ஞானிகளுக்கு அறிமுகமானதுதான். 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர், காற்று எவ்வளவு நல்லது என்று சோதிக்கவே இதைப் பயன்படுத்தினார். நிறமற்ற நைட்ரிக் ஆக்ஸைடைக் காற்றோடு கலந்தால் செம்பழுப்பு நிறப் புகை எழும். அந்தப் புகை நீரில் கரைந்துபோகும். எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு பிராணவாயு அந்தக் காற்றில் இருந்தது என்று பொருள். அந்தச் செம்பழுப்புப் புகைதான் நைட்ரஜன் டை ஆக்ஸைடு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் பேரனுக்கு இழுப்பைத் தூண்டக்கூடியது இதுதான்.

இனிச் சுடருக்குள்ளே போவோம்.

எரிவாயுச் சுடரில் நைட்ரிக் ஆக்ஸைடு பிறக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியை 1940-களில் விளக்கியவர் ரஷ்ய விஞ்ஞானி யாக்கோவ் ஸெல்டோவிச். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. கல்லூரிப் பட்டம் பெறாதவர். பதினேழு வயதில் லெனின்கிராடு ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே கற்று, எரிதல் பற்றியும் பின்னாளில் பேரண்டத்தைப் பற்றியும் உலகத்துக்கே பாடம் சொன்னவர்.

அவர் சொன்ன வழி இது. சுடரின் உச்ச வெப்பத்தில் பிராணவாயு மூலக்கூறுகள் சில உடைந்து, ஒற்றை அணுக்களாக அலைகின்றன. அப்படி ஓர் ஒற்றைப் பிராணவாயு அணு நைட்ரஜன் மூலக்கூறின் மீது போதிய வேகத்தில் மோதினால், அந்த மும்மடிக் கட்டை அறுத்து ஒரு நைட்ரஜன் அணுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்ஸைடு ஒன்று பிறந்துவிட்டது. துணையை இழந்த மற்றொரு நைட்ரஜன் அணு சும்மா இருக்குமா? அது அருகிலுள்ள பிராணவாயு மூலக்கூறு ஒன்றைப் பிடித்து, அதில் ஓர் அணுவைப் பறித்துக்கொண்டு இரண்டாவது நைட்ரிக் ஆக்ஸைடாகிறது. அந்த மூலக்கூறில் மிஞ்சிய ஒற்றைப் பிராணவாயு அணு, மறுபடியும் வேறொரு நைட்ரஜன் மூலக்கூறைத் தேடிப் போகிறது. சங்கிலிபோல் இது தொடர்கிறது.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணிதான் கடினமானது. அந்த முதல் மோதலுக்குத் தேவையான ஆற்றல் மிக அதிகம். அதனால் சுடரின் வெப்பநிலை சுமார் 1,500 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருந்தால் இந்த வழி ஏறக்குறைய மூடியே கிடக்கிறது. அதற்கு மேலே போகப் போகக் கதவு அகலத் திறந்துகொள்கிறது. மீத்தேன் காற்றில் சரியான அளவில் கலந்து, வெப்பம் எதுவும் வீணாகாமல் எரிந்தால், சுடர் சுமார் 1,950 டிகிரி வரை ஏறும். அந்த உயரத்தில் 100 டிகிரியை மட்டும் குறைத்தாலே, நைட்ரிக் ஆக்ஸைடு உருவாகும் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நேயர்கள் இதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் பார்க்கப்போகும் சிகிச்சைகளில் பெரும்பாலானவை, சுடரின் இந்தக் கடைசி 100, 200 டிகிரிகளைக் கிள்ளி எடுக்கும் தந்திரங்களே.

இங்கே ஒருவர் கேட்கலாம்: சூட்டில் பிறந்த வாயு, சூடு தணிந்தால் மறுபடி பிரிந்து நைட்ரஜனும் பிராணவாயுவுமாக ஆகிவிடாதா? நியாயமாகப் பார்த்தால் ஆக வேண்டும். குளிர்ந்த நிலையில் நைட்ரிக் ஆக்ஸைடு நிலையான பொருள் அல்ல. ஆனால் பிரிவதற்கும் நேரம் வேண்டும், சூடு வேண்டும். அடுப்புச் சுடரிலிருந்து வெளியேறும் வாயு கண் இமைக்கும் நேரத்தில் குளிர்ந்துவிடுகிறது. பிரிவதற்கான வழி அடைபட்டுப்போய், பிறந்தது பிறந்தபடியே வெளியே வந்து சேர்கிறது.

இரண்டாவது வழியைக் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி ஃபெனிமோர்; ஆண்டு 1971. ஸெல்டோவிச்சின் கணக்குப்படி நைட்ரிக் ஆக்ஸைடு மெல்ல மெல்ல, சுடரைத் தாண்டிய வெப்பப் பகுதியில்தான் சேர வேண்டும். ஃபெனிமோர் அளந்து பார்த்தபோதோ, சுடரின் தொடக்கத்திலேயே, அந்த மெல்லிய நீலப் படலத்துக்கு அருகிலேயே, ஓரளவு நைட்ரிக் ஆக்ஸைடு திடீரென்று தோன்றியிருந்தது. மீத்தேன், எத்திலீன் போன்ற கரி கலந்த எரிபொருள்களில் மட்டுமே இப்படி நடந்தது. ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்ஸைடையும் எரித்தபோது நடக்கவில்லை. ஆகவே குற்றவாளி, மீத்தேன் சிதையும்போது ஒரு கணம் தோன்றி மறையும் கரி-ஹைட்ரஜன் துண்டுகளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். ஒரு கரி அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் மட்டும் சேர்ந்த சிறு துண்டு அவற்றில் முக்கியமானது. அது நைட்ரஜன் மூலக்கூறின் கட்டை நேரடியாகவே தாக்குகிறது. அதிலிருந்து வரும் இடைப்பொருள்கள் பிராணவாயுவைச் சந்தித்து நைட்ரிக் ஆக்ஸைடாகின்றன. இதற்கு மிகப் பெரிய சூடு தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் அடுப்பில் தெரியும் அந்த அழகிய நீல நிறத்துக்குக் காரணம் என்ன? மஞ்சள் சுடரில் ஒளிர்வது கரித்துகள். நீலச் சுடரில் கரித்துகள் இல்லை. அங்கே கிளர்ச்சியுற்ற அதே கரி-ஹைட்ரஜன் துண்டுதான் நீல ஊதா ஒளியை வீசுகிறது. சுத்தத்தின் அடையாளம் என்று நாம் மெச்சும் அந்த நிறத்தை வீசும் துண்டேதான், நைட்ரஜனின் கட்டையும் உடைக்கிறது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "பார்க்க நல்ல பிள்ளையா இருக்கிறது எல்லாம் அப்படித்தான்" என்றார்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பிராணவாயு அணு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்காமல் அதனோடு ஒட்டிக்கொண்டு நைட்ரஸ் ஆக்ஸைடாகி, பிறகு நைட்ரிக் ஆக்ஸைடாவது. அடுப்பில் இது பெரிதல்ல. காற்று அதிகமாகவும் அழுத்தம் மிகுந்தும் இருக்கும் இடத்தில் இது தலைதூக்கும்.

இப்போது ஈசூன் அடுக்களைக்கு வருவோம். இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் பெரும்பாலான வீவக வீடுகளுக்குக் குழாய் வழியே வருவது இயற்கை எரிவாயு அல்ல. அது நகர எரிவாயு. 1862-ல் காலாங் ஆற்றோரம் எரிவாயு ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. அன்று நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்துத் தெருவிளக்கு எரித்தார்கள். அந்த ஆலை 1998-ல் மூடப்பட்டது. அதன் வேலையைச் செனோக்கோவில் கட்டப்பட்ட புதிய ஆலை ஏற்றுக்கொண்டது. அங்கே இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்து உருமாற்றி, ஹைட்ரஜன் மிகுந்த ஒரு வாயுவாக்கி அனுப்பினார்கள். இந்த நகர எரிவாயுவில் ஏறத்தாழ பாதி ஹைட்ரஜன். மீதியில் மீத்தேனும் பிறவும்.

ஃபெனிமோர் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஹைட்ரஜனில் கரி இல்லை. ஆகையால் அந்தப் பங்குக்கு இரண்டாவது வழி கிடையாது. ஆனால் ஹைட்ரஜன் சுடர் மீத்தேன் சுடரைவிடச் சூடானது. சுமார் 2,100 டிகிரி வரை போகக்கூடியது. அதனால் ஸெல்டோவிச்சின் வழி அங்கே இன்னும் அகலமாகத் திறக்கிறது. ஒரு கையில் குறைந்தது மறு கையில் கூடுகிறது.

வாயு மாறினால் அடுப்பின் ஊசித்துளையும் மாற வேண்டும் என்பதை இடையே சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் எரிவாயுவுக்குச் செய்த அடுப்பை நகர எரிவாயுக் குழாயில் மாட்டுவதும், அதை இதில் மாட்டுவதும் ஆபத்து. ஒரு படி ஹைட்ரஜனுக்குச் சுமார் 2.4 படி காற்றே போதும், மீத்தேனுக்கு ஒன்பதரை, சிலிண்டரில் வரும் வாயுவுக்கு அதைவிடப் பன்மடங்கு. துளையும் காற்று வழியும் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு வரும். அது நைட்ரிக் ஆக்ஸைடைவிட உடனடியாக ஆளைக் கொல்லக்கூடியது.

அடுப்புச் சுடரை உற்றுப் பார்த்தால் இரண்டு அடுக்கு தெரியும். உள்ளே கூர்மையான நீலக் கூம்பு. வெளியே மங்கலான ஒரு போர்வை. துளையிலிருந்து சீறி வரும் வாயு, வழியிலேயே கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் காற்று உள் கூம்பில் செலவாகிறது. மிச்சம் எரிய வேண்டியது, சுற்றியுள்ள அடுக்களைக் காற்றைக் கொண்டு வெளிப் போர்வையில் எரிகிறது. சூடும் பிராணவாயுவும் ஒருங்கே கிடைக்கும் அந்த வெளிப் போர்வையை ஒட்டித்தான் நைட்ரிக் ஆக்ஸைடு மிகுதியாகச் சேர்கிறது.

சரி, அதன் மேல் தோசைக்கல்லை வைக்கிறோம். கல் சூட்டை உறிஞ்சுகிறது, சுடர் குளிர்கிறது, நைட்ரிக் ஆக்ஸைடு கொஞ்சம் குறைகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் குளிர்ந்த விளிம்பில் வேறொரு வேலை நடக்கிறது. அரைகுறையாக எரிந்த நிலையில் அங்கே ஹைட்ரஜனும் இரண்டு பிராணவாயு அணுக்களும் சேர்ந்த துண்டுகள் திரிகின்றன. இவை நைட்ரிக் ஆக்ஸைடுக்கு ஒரு பிராணவாயு அணுவைக் கொடுத்து, அதை நைட்ரஜன் டை ஆக்ஸைடாக மாற்றிவிடுகின்றன. ஆகவே வெளி ஓசோன் காற்றுக்காகக் காத்திருக்காமல், அடுப்பிலிருந்து வரும்போதே கணிசமான பங்கு டை ஆக்ஸைடாகவே வந்து சேர்கிறது.

நைட்ரஜன் டை ஆக்ஸைடு மூச்சுக்குழாயின் உட்சுவரை உறுத்தும். நல்ல உடம்புள்ளவருக்கு அடுக்களையில் சேரும் அளவு பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அப்படியல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த வாயு இருக்கலாகாது என்கிறது. முன்பு 40 என்று இருந்ததைத்தான் இப்படி இறக்கினார்கள். 2013-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 41 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, எரிவாயுவில் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு 42 விழுக்காடு அதிகம் என்று எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதற்கு ஒத்துப் பாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கோ, இழுப்பு வரும் பிள்ளை வீட்டில் இருக்கையில், கணக்கு முடியும் வரை ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டிருப்பது புத்திசாலித்தனமாகப் படவில்லை.

அடுக்களை சின்னது, காற்று அங்கே அடைபடுகிறது. இதைவிட எத்தனையோ ஆயிரம் மடங்கு பெரிய சுடரைப் பார்க்க வேண்டுமானால் செனோக்கோவுக்குப் போக வேண்டும். 1970-களில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய நிலையம் அது. 1992-ல் மலேசியாவிலிருந்து குழாய் வழியே இயற்கை எரிவாயு அங்கே வந்து சேர்ந்தது; சிங்கப்பூருக்கு வந்த முதல் இயற்கை எரிவாயு அதுதான். பிறகு 2001-ல் இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்தும், 2003-ல் தென் சுமத்ராவிலிருந்தும் குழாய்கள் வந்தன. 2013 முதல் குளிரூட்டித் திரவமாக்கிய எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது. இன்று சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைப்பது. தமிழ்நாட்டிலும் காவிரிப் படுகை எரிவாயுவைக் கொண்டு கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர் ஆகிய இடங்களில் இத்தகைய நிலையங்கள் அமைக்கப்பட்டன.

எண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு மாறியதில் கந்தகப் புகையும் கரித்துகளும் வெகுவாகக் குறைந்தன. எண்ணெயிலும் நிலக்கரியிலும் எரிபொருளோடு பிணைந்தே கொஞ்சம் நைட்ரஜன் இருக்கும். இயற்கை எரிவாயுவில் அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனை யார் தடுக்க முடியும்? வாயுச் சுழலிக்குள் பலமடங்கு அழுத்தத்தில் எரிக்கும்போது, நெருப்பு இன்னும் சூடாகிறது. பழைய வகைச் சுழலிகளில், எரிவாயுவும் காற்றும் எரியும் இடத்தில்தான் சந்தித்தன. அவை சந்திக்கும் விளிம்பில், எங்கோ ஓரிடத்தில், கலவை சரியான அளவில் அமைந்து சூடு உச்சத்துக்குப் போய்விடும். மொத்தக் காற்று எவ்வளவு அதிகமாக இருந்தாலும் அந்த உச்சப் புள்ளிகள் மிஞ்சின. கட்டுப்பாடில்லாத அத்தகைய சுழலிகளின் புகைபோக்கியில், பத்து லட்சம் பங்கில் 150 முதல் 250 பங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வந்தன.

இதற்கு முதலில் கையாண்ட வைத்தியம் மிக எளியது: நெருப்பில் தண்ணீர் தெளிப்பது. அணைப்பதற்கு அல்ல, அடக்குவதற்கு. தண்ணீரோ நீராவியோ உள்ளே போய், சூட்டின் உச்சியைக் கிள்ளிவிடுகிறது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதமே இந்த வேலையைக் கொஞ்சம் செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வறண்ட நாட்டில் அளந்ததையும் இங்கே அளந்ததையும் ஒப்பிட வேண்டுமானால், ஈரப்பதத்துக்குத் திருத்தம் போட்டுக்கொள்கிறார்கள். நாம் புழுக்கம் என்று சலித்துக்கொள்வதிலும் இப்படி ஒரு நன்மை. ஆனால் சுழலிக்குத் தெளிக்கும் நீர் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். அதை ஆவியாக்கவே கொஞ்சம் வெப்பமும் செலவாகிவிடும்.

கொதிகலன்களில் வேறு தந்திரம் செய்வார்கள். எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பி நெருப்புக்குள்ளேயே விடுவது ஒன்று. பிராணவாயு குறைந்த அந்தப் புகை, சூட்டைத் தான் வாங்கிக்கொண்டு சுடரைத் தணிக்கிறது. காற்றைத் தவணை முறையில் கொடுப்பது மற்றொன்று. முதலில் காற்றைக் குறைத்து எரித்தால், நைட்ரஜனைத் தாக்கப் பிராணவாயு மிஞ்சாது. பிறகு, கொஞ்சம் வெப்பத்தை நீர்க்குழாய்கள் வாங்கிக்கொண்டபின் மிச்சக் காற்றைக் கொடுத்தால், எரிதல் முடியும். சூடு உச்சத்துக்குப் போகாது.

தண்ணீர் வேண்டாத வழி எது என்று தேடியவர்கள் கண்டது, முன்கூட்டியே கலப்பது. எரிவாயுவையும், தேவைக்கு மேற்பட்ட காற்றையும் எரியும் இடத்துக்கு வருமுன்பே நன்றாகக் கலந்துவிட்டால் உச்சப் புள்ளிகள் இல்லை. எங்கும் ஒரே மிதமான சூடு. சாம்பாரில் உப்பு ஓரிடத்தில் கட்டியாகக் கிடப்பதற்கும், கரைந்து பரவியிருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். இப்படிச் செய்த சுழலிகளில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு, சிலவற்றில் 9 பங்கு என்று இறங்கியிருக்கிறது.

ஆனால் மெலிந்த கலவை எரிவதற்குத் தயங்கும். சற்றுக் காற்று மிஞ்சினாலும் சுடர் அணையப் பார்க்கும். அணையாமல் இருந்தாலும் துடிக்கும். அந்தத் துடிப்பு, எரியும் அறையில் உண்டாகும் ஒலி அலையோடு தாளம் சேர்ந்துவிட்டால், சுழலியே முனகத் தொடங்கும். அந்த முனகல் வளர்ந்தால் தடித்த உலோகப் பாகங்களும் விரிசல் விடும். அதனால் நடுவில் ஒரு சிறு சுடரைச் சற்று வலுவாக எரிய விட்டு, மற்றவற்றுக்கு அதைத் துணையாக வைக்கிறார்கள். அந்தத் துணைச் சுடரே நைட்ரிக் ஆக்ஸைடின் பெரும்பங்கை உண்டாக்குவதும் உண்டு. நைட்ரிக் ஆக்ஸைடு ஒரு பக்கம், கார்பன் மோனாக்ஸைடு மறு பக்கம், முனகல் மூன்றாவது பக்கம்; இந்த மூன்றுக்கும் நடுவே ஓடும் குறுகிய பாதையில்தான் பொறியாளர் சுழலியை நடத்திச் செல்ல வேண்டும்.

பிறந்துவிட்ட நைட்ரிக் ஆக்ஸைடை அழிக்கவும் வழி இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தமான ஒன்றைச் சொல்கிறேன். கொதிகலனில் முதல் நெருப்பு எரிந்து முடிந்த இடத்துக்கு மேலே, மேலும் கொஞ்சம் இயற்கை எரிவாயுவைக் காற்றில்லாமல் செலுத்துகிறார்கள். மொத்த வெப்பத்தில் 10 முதல் 20 விழுக்காடு அளவுக்கு. அங்கே அது சிதைந்து கரி-ஹைட்ரஜன் துண்டுகளாகிறது. ஆம், ஃபெனிமோரின் அதே துண்டுகள்! ஆனால் இப்போது அவற்றின் எதிரே நைட்ரிக் ஆக்ஸைடு நிற்கிறது. உறுதியான நைட்ரஜனைவிட அதைத் தாக்குவது எளிது. துண்டுகள் அதன் பிராணவாயுவைப் பறிக்கின்றன. நைட்ரஜன் சில இடைப்பொருள்களாக மாறி, இறுதியில் வேறொரு நைட்ரிக் ஆக்ஸைடைச் சந்தித்து, சாதுவான நைட்ரஜன் மூலக்கூறாகவே திரும்புகிறது. கடைசியாகக் கொஞ்சம் காற்றைக் கொடுத்து மிச்ச எரிவாயுவை எரித்து முடிக்கிறார்கள். நிலக்கரிக் கொதிகலன்கள் சிலவற்றில் இந்த முறையில் பாதிக்குமேல் குறைத்திருக்கிறார்கள். உண்டாக்கிய கையே துடைக்கிறது.

அம்மோனியாவைக் கொண்டும் அழிக்கலாம். சுமார் 850 முதல் 1,100 டிகிரி வரை உள்ள புகையில் அம்மோனியாவைத் தூவினால், அது நைட்ரிக் ஆக்ஸைடோடு சேர்ந்து நைட்ரஜனும் நீருமாகிறது. அமெரிக்கரான லயன் 1975-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சூடு கூடினால் அம்மோனியாவே எரிந்து நைட்ரிக் ஆக்ஸைடாகிவிடும். குறைந்தால் வேலை செய்யாமல் அப்படியே நாற்றத்தோடு வெளியேறும். இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க டைட்டானியம், வனேடியம் ஆக்ஸைடுகளை வினையூக்கியாக வைத்தால், 300, 400 டிகிரியிலேயே காரியம் முடிகிறது. இதைப் பெரிய அளவில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1970-களில் ஜப்பான்.

இனி வரும் கேள்வி ஹைட்ரஜனைப் பற்றியது. சிங்கப்பூரில் புதிதாகக் கட்டும் எரிவாயு மின்நிலையங்கள், குறைந்தது 30 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்து எரிக்கத் தக்கவையாக இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. கரியமில வாயுவைக் குறைப்பதற்காக. ஆனால் ஹைட்ரஜன் சுடர் மேலும் சூடானது. மிக வேகமாகப் பரவி, கலக்கும் குழாய்க்குள்ளேயே பின்னோக்கிப் பாயவும் பார்க்கும். ஆகவே நைட்ரிக் ஆக்ஸைடுக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது. ஈசூன் வீடுகளுக்குப் பாதி ஹைட்ரஜன் கலந்த வாயு நெடுங்காலமாகவே வந்துகொண்டிருப்பதை நினைத்தால், இந்தப் பிரச்சினையில் நம் அடுக்களைகள் மின்நிலையங்களுக்கு மூத்தவை.

பாட்டியின் கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். மின்நிலையத்துக்கு உயரமான புகைபோக்கி இருக்கிறது. வீட்டு அடுப்புக்கு ஜன்னல்தான் புகைபோக்கி. மழைச் சாரல் அடித்தாலும் ஒரு கை அகலமாவது திறந்திருக்கட்டும். அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும். பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் வழியும் நெருப்பு, சமையலுக்கு உதவாமல் வாயுவை மட்டும் கூட்டும். அதைத் தணித்து வையுங்கள். அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சி மாட்டியிருந்தால், அது வெளியே ஊதுகிறதா, அல்லது கரி வடிகட்டி வழியாகத் திரும்ப வீட்டுக்குள்ளேயே ஊதுகிறதா என்று பாருங்கள். உள்ளே ஊதும் வகை எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் பிடிக்கும். நைட்ரிக் ஆக்ஸைடைப் பிடிக்காது. வெறும் தண்ணீர் கொதிக்க வைப்பதற்கு மின்கெண்டி போதும். அதில் சுடரே இல்லை.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "மின்கெண்டிக்கு மின்சாரம் செனோக்கோவிலேருந்துதானே வருது? அங்கேயும் நெருப்புத்தானே?" என்றார்.

நெருப்புத்தான், ஆனால் அங்கே ஒருவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அளந்துகொண்டிருக்கிறார் என்றேன். அதற்குள் பேரன் பள்ளியிலிருந்து வந்துவிட்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி மின்தூக்கியை நோக்கி நடந்தார்.